ஒன்பதாவது ஸ்டாம்ப்

"தண்ணி கேட்டானா?"

"கேட்டானாம்."

"குடிச்சானா?"

"அதை வக்கீல் சொல்லலக்கா. டம்ளர்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு வேணா திரும்பப் போன் போட்டுக் கேக்கவா?"

"ரேடியோ, வால்யூமைக் குறை."

ரேடியோ என்பது நான்தான். பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடாது, பேச்சு இல்லாமல் நான் ஓடமாட்டேன் என்பதால் அக்கா வைத்த பெயர். அக்கா இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவள். 'கடையே சாம்பலாயிடுச்சு' என்று அழுதவனின் சட்டைப் பையிலிருந்து அந்தக் கடையின் பூட்டை எடுத்துக் காட்டியவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன். மூன்று மாணவர்கள் ஒரே சுவரில் மோதியதும் தொழிலை மாற்றிக்கொண்டேன்.

கேஸ் இதுதான். ஆறு நாளைக்கு முன்னால், மாநாட்டுக்காகத் தோழிகளோடு ஊருக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டர், ராத்திரி தனியாக நடக்கக் கிளம்பினாள். விடியும்போது துறைமுகத் தண்ணீரில் பிணமாக மிதந்தாள். கரையோரம் ஒரு படகின் மேல் நடக்கிற மிதக்கும் பாரின் வாசலில் நிற்கிற ஆளைப் போலீஸ் பிடித்தது. ஆறடி இரண்டங்குலம், தோள் இரண்டும் கதவு மாதிரி. ஊரே அவனை மலை என்றுதான் கூப்பிடும். முந்தைய ராத்திரி தோழிகளோடு வந்து ரகளை செய்த அந்த டாக்டரைக் கையைப் பிடித்து வெளியே விட்டவன் அவன்தான். 'நாளைக்கும் இப்படி வந்தா தூக்கித் தண்ணில போட்ருவேன்' என்று நாலு பேர் கேட்கச் சொன்னவனும் அவனே. எல்லாக் குடிகாரர்களிடமும் அதைத்தான் சொல்வானாம். ஆனால் மற்ற குடிகாரர்கள் யாரும் மறுநாள் பிணமாக மிதக்கவில்லையே.

ஆறு நாளும் மலை ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான். "அந்தம்மா படகுல ஏறவே இல்ல." ஆனால் அவள் பையிலிருந்த, கடை கடையாகப் போய் ஸ்டாம்ப் வாங்குகிற அட்டையில் மிதக்கும் பாரின் ஸ்டாம்ப் பளிச்சென்று இருந்தது. ஏறாமல் ஸ்டாம்ப் எப்படி வரும்? பொய் சொல்கிறான், அப்படியானால் தள்ளியவனும் அவன்தான் என்றது போலீஸ்.

இன்று மத்தியானம் மலையின் மனைவி, பத்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். "அக்கா, அவரு எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு. ஓனரு கேப்டன்தான் ஏதோ பண்ணியிருக்காரு. கண்டுபுடிச்சுக் குடுங்கக்கா." நீ என்ன வேலை பார்க்கிறாய், எங்கே என்று அக்கா கேட்டதற்கு, "கூட்டிப் பெருக்கற வேலைதான்க்கா" என்றாள்.

ராத்திரி எட்டு மணிக்கு வக்கீல் அந்த அட்டையின் போட்டோவை ஜெயிலுக்கு எடுத்துப் போய் மலையிடம் காட்டினார். மலை அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான். பார்த்தான். தண்ணீர் கேட்டான். பிறகு சொன்னான்: "நான்தான் தள்ளினேன். காலைல கோர்ட்டுல ஒத்துக்கறேன்."

ஆறு நாள் அடித்தும் மிரட்டியும் அசையாத ஆள், ஒரு போட்டோவைப் பார்த்ததும் சரிந்துவிட்டான். காலை பத்து மணிக்குக் கோர்ட்.

"அந்த அட்டையில அவன் என்னத்தப் பாத்தான்?" என்றாள் அக்கா. "அதைக் கண்டுபுடிச்சா கேஸ் முடிஞ்சுது. செருப்ப மாத்து. நடக்கப் போறோம்."

●

'ராத்திரி நடை' என்று இந்த ஊரில் ஒன்று உண்டு. வழிகாட்டி ஆள் கிடையாது. போனில் ஒரு குரலை இறக்கிக்கொண்டு காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். கையில் ஓர் அட்டை. ஒன்பது கடை, ஒன்பது கட்டம். ஒவ்வொரு கடையிலும் தேதி போட்ட ஸ்டாம்ப் ஒன்று குத்துவார்கள். ஊர் மொத்தமே ஒரு கைக்குட்டை அளவுதான். ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஒன்பது கட்டமும் நிறைந்தால் பரிசாக ஒரு சாவிக்கொத்து.

"ஒரு சாவிக்கொத்துக்கு ஒன்பது கடையா?" என்றேன். "அக்கா, பாவம், அந்த டாக்டரு அதுக்காகவா செத்தா?"

"சாவி இல்லாதவங்களும் சாவிக்கொத்து வாங்குவாங்க. நட."

டாக்டர் கிளம்பிய அதே நேரம், பத்து மணி. அவள் தங்கியிருந்த அதே ஓட்டல் வாசல். காதில் குரல் தேன் ஊற்றியது: "வணக்கம் நண்பரே! இன்றிரவு இந்த நகரம் உங்களுடையது. அவசரம் வேண்டாம். நான் இருக்கிறேன்."

"இவன் வீட்ல பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் பேசுவானா?"

"இப்படிப் பேசினா ஏன் வேலைக்கு வரான்? வீட்லயே இருப்பான்" என்றாள் அக்கா.

முதல் ஐந்து கடைகளை நான் சொல்லி உங்களைக் களைப்பாக்க மாட்டேன். பியானோ வாசிக்கிறவர் தூங்கிக்கொண்டே வாசித்த ஒரு கடை. மேசைக்கு மேசை வேறு வேறு நாற்காலி போட்ட ஒரு கடை. சுவரெல்லாம் பழைய கப்பல் மணிகளைத் தொங்கவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று எழுதிவைத்த ஒரு கடை (நான் தொட்டேன், திட்டு வாங்கினேன்). எல்லா இடத்திலும் அக்கா எலுமிச்சைச் சோடா வாங்கினாள். எல்லா இடத்திலும் அட்டையை நீட்டினாள். எல்லோரும் முகத்தைக்கூடப் பார்க்காமல் டக்கென்று ஒரு குத்து. இன்றைய தேதி, இருபத்திரண்டு.

அக்கா ஒவ்வொரு குத்தையும் போனிலிருந்த போட்டோவோடு ஒப்பிட்டாள். டாக்டரின் அட்டையில் முதல் எட்டு கட்டமும் பதினாறு. ஒன்பதாவது மட்டும் பதினேழு.

"இதுல என்னக்கா இருக்கு? எட்டாவது கடையிலேர்ந்து அவ பன்னண்டரைக்கு வெளிய வந்தது கேமராவுல இருக்கு. நடுராத்திரி தாண்டிடுச்சு, தேதி மாறிடுச்சு. போலீசும் இதத்தான் சொல்லுது. சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. அதான் உறுத்துது. இருபது வருஷத்துல நான் பாத்த பொய் க்ளெய்ம் எல்லாத்துலயும் காகிதம் சரியாத்தான் இருந்துச்சு."

ஆறாவது கடைக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு ஐந்து. நிலவறைக்குள் இறங்குகிற மாதிரி பதினான்கு படி. கவுண்டரில் இருந்த மொட்டைத் தலைக்காரர் ஒரே கையில் நாலு கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையை வாங்கி ஒரு குத்து குத்தினார்.

இருபத்திரண்டு.

"அண்ணே," என்றேன், "மணி பன்னண்டு தாண்டிடுச்சு. நீங்க நேத்துலயே இருக்கீங்க."

"நான் நேத்துல இருக்கேன், நீ நாளைக்குப் போ. கதவு அந்தப் பக்கம்."

அக்கா சோடாவைக் கீழே வைத்தாள். "தேதிய எப்பண்ணே மாத்துவீங்க?"

"பெருக்கினப்புறம்."

"பன்னண்டு மணிக்கு இல்லியா?"

மொட்டை எங்களைக் குழந்தைகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பன்னண்டு மணிக்கு நாளைக்கு வர்றது ஆபீஸ்காரங்களுக்கும்மா. இங்க கடைசி ஆள் வெளிய போகணும், நாற்காலியத் தூக்கி மேசை மேல கவுத்தணும், தரையக் கழுவணும், அப்புறம் ஸ்டாம்பத் திருகி வெக்கணும். அதுவரைக்கும் இன்னிக்குதான். மூணு மணியானாலும் இன்னிக்கு, நாலு மணியானாலும் இன்னிக்கு. சம்பளமே அப்படித்தான் போடறாங்க."

"எல்லாக் கடையிலயுமா?"

"ராத்திரி கடை வெச்சிருக்கறவன் எவனும் நடுவுல தேதி மாத்த மாட்டான். குழம்பிடும். எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்."

ஏழாவது, பில்லியர்ட்ஸ் ஹால். மணி பன்னிரண்டு இருபது. ஸ்டாம்ப் இருபத்திரண்டு. எட்டாவது, நடனக் கூடம். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மா கொட்டாவியோடு குத்தினார். மணி பன்னிரண்டரை. இருபத்திரண்டு.

வெளியே வந்ததும் அக்கா தெருவிளக்குக்குக் கீழே நின்று போட்டோவைப் பெரிதாக்கினாள். "ரேடியோ, டாக்டரும் இதே நேரத்துக்குத்தான் வந்தா. ஏழாவது, எட்டாவது கடையில பன்னண்டுக்கு மேலதான் ஸ்டாம்ப் வாங்கினா. அதுல என்ன தேதி?"

"பதினாறு."

"ஏன்?"

"சோம்பேறிங்க, மாத்தல."

"எட்டு கடைக்காரனும் சோம்பேறி, ஒம்போதாவது ஆளு மட்டும் சுறுசுறுப்பா?"

ரேடியோவில் சிக்னல் போய்விட்டது.

"ஒம்போதாவது ஸ்டாம்ப் காலண்டருக்குச் சரி, பாருக்குத் தப்பு," என்றாள் அக்கா. "அது நடுராத்திரியில விழல. கடைய மூடி, பெருக்கி, தேதியத் திருகினப்புறம் விழுந்திருக்கு. பன்னண்டரைக்கு இங்கேர்ந்து போனவ, மூடின கடைக்குள்ள போய்க் குத்திக்கிட்டிருக்க முடியாது; அந்த நேரத்துல டாக்டரு உசுரோட இல்ல. செத்தவளோட அட்டைக்கு யாரோ ஸ்டாம்ப் குத்தியிருக்காங்க."

"அப்ப மலை சொன்னது..."

"நிஜம். அவ படகுல ஏறவே இல்ல."

●

எட்டாவது கடையிலிருந்து கரைக்கு ஏழு நிமிஷம். சந்து முடிந்ததும் டீசல் வாசனை முகத்தில் அறைந்தது. கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கரை ஓரமாகத் தரையில் பதித்த சின்னச் சின்ன நீல விளக்குகள், நடப்பவர்களுக்காக.

"ஹெட்போன மாட்டு," என்றாள் அக்கா. "அவ எப்படி நடந்தாளோ அப்படியே நட. குரல் சொல்றத மட்டும் செய்."

குரல் கிசுகிசுத்தது: "இதோ கடைசி நிறுத்தம், மிதக்கும் பார். நீல விளக்குகளைப் பின்தொடருங்கள். கடைசி விளக்கில் நில்லுங்கள். இப்போது இடப்பக்கம் திரும்பி அண்ணாந்து பாருங்கள்! கலங்கரை விளக்கம் சுற்றுவது தெரிகிறதா? அதையே பார்த்தபடி, குனியாமல், நான்கே நான்கு அடி. பலகை உங்களைச் சுமந்து செல்லும். நம்புங்கள்."

கடைசி விளக்கு. திரும்பினேன். அண்ணாந்தேன். விளக்கு சுற்றியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று...

தொடைக்கு மேலே ஏதோ சில்லென்று இடித்தது. அதே நொடியில் என் சட்டைக் காலர் பின்னால் இழுபட்டது. அக்காவின் கை.

குனிந்து பார்த்தேன். ஒரு சங்கிலி, இரண்டு குட்டை இரும்புத் தூணுக்கு நடுவே மாட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பலகை இல்லை, படகு இல்லை, ஒன்றுமே இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே கறுப்புத் தண்ணீர், சுவரில் உரசிக்கொண்டிருந்த டயர்கள்.

மிதக்கும் பார் அங்கிருந்து நாற்பது அடி தள்ளி, ஜிகுஜிகுவென்று விளக்குப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அவன் 'நம்புங்கள்'னு சொன்னான்க்கா."

"சொன்னான். அவளும் நம்பினா. படகு எப்பவும் இங்கதான் நிக்கும். அத வெச்சுத்தான் குரலப் பதிஞ்சிருக்காங்க. ஆனா உன்னச் சங்கிலி நிறுத்துச்சு. அவள ஏன் நிறுத்தல?"

"ஏன்னா அன்னிக்குச் சங்கிலி இல்ல."

"முதல் தடவையா பாட்ட நிறுத்திட்டு நியூஸ் படிக்கற."

●

மிதக்கும் பாரின் முதலாளிக்குக் கேப்டன் என்று பட்டப்பெயர். வாழ்க்கையில் கப்பல் ஓட்டியதில்லை, கட்டிப்போட்ட படகின் மேல் கடை ஓட்டுகிறவர். வெள்ளைத் தொப்பி, தங்க நிறப் பொத்தான், காலில் ரப்பர் செருப்பு.

அக்கா அட்டையை நீட்டினாள். டக். மணி பன்னிரண்டு ஐம்பது. தேதி இருபத்திரண்டு.

"படகை எப்ப நகத்தினீங்க கேப்டன்?"

"பதினாறாந்தேதி ராத்திரி பதினோரு மணிக்கு. கோதுமைக் கப்பல் வருது, இடம் குடுன்னு துறைமுக ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க. அந்தக் கப்பல் இன்னும் போகல. நாங்களும் திரும்பல. நீங்க யாரு, பத்திரிகையா?"

"பழைய எடத்துல சங்கிலி யாரு மாட்டினா?"

"நானே. என் கையால. ரெண்டு கொக்கியும். படகை நகத்தினா முதல் வேலை அதுதான்."

"அப்புறம் யாரு அவுத்தா?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். "ஏன் அவுக்கணும்?"

"இவரு கேள்விக்குக் கேள்வி போடறாரு," என்றேன். "அக்கா, இவரத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து..."

"நீ ஆரம்பத்துலேர்ந்து பியானோக்காரரக்கூட சந்தேகப்பட்ட. சும்மா இரு. கேப்டன், போலீஸ்கிட்ட சங்கிலி பத்திச் சொன்னீங்களா?"

"கேக்கலியே. ஸ்டாம்ப் இருக்கு, அதனால அந்தம்மா ஏறியிருக்கா. ஏறினா குடிச்சா, குடிச்சா விழுந்தா, இல்ல தள்ளினாங்க. சங்கிலிப் பேச்ச நானா எடுத்தா என் கடைக்குப் பூட்டு. எனக்கெதுக்கு வம்பு?"

"கடையில ஒருத்தர்கூட அவளப் பாக்கலியே?"

"அறுபது பேர் தோள் இடிச்சு நிக்கற எடத்துல யாரு யாரம்மா பாத்தா?"

"உங்க வாசல்ல நின்ன ஆளு பாக்கலன்னு ஆறு நாளா சொல்றான். பத்து வருஷமா உங்ககிட்ட வேலை பாத்தவன். அவன நம்பல, ஸ்டாம்ப நம்பினீங்க."

கேப்டன் கிளாஸைத் துடைத்தார். "ஸ்டாம்புக்கு வாய் இல்ல. பொய் சொல்லாது."

எனக்கு அந்தத் தொப்பியைத் தண்ணீரில் வீச வேண்டும் போலிருந்தது. அக்கா குரலை ஏற்றவே இல்லை. "இந்த ஸ்டாம்பத் தினமும் திருகி வெக்கறது யாரு?"

"கடைசியா போறவங்க. நான் ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவேன். எல்லாரும் போனப்புறம் தரையக் கழுவி, கவுண்டரத் துடைச்சு, ஸ்டாம்பத் திருகி, பூட்டிட்டுப் போவா."

"போவாவா?"

"ம். அழுக்குத் தண்ணியப் படகுலேர்ந்து ஊத்தினா துறைமுக ஆபீஸ்காரன் குதிப்பான். அதனால படகை நகத்தற நாள்லெல்லாம் வாளியத் தூக்கிட்டுப் போய் அந்தப் பழைய எடத்துல யாருக்கும் தெரியாம ஊத்துவா. நானே ரெண்டு தடவ திட்டியிருக்கேன், அவுத்தா மாட்டுடின்னு. நடுவுல நடுவுல கைக்குழந்த வேற அழும். சாமான் ரூம்ல பாட்டில் பெட்டியில துண்டு விரிச்சு அதுலதான் படுக்க வெச்சிருப்பா."

சோடாவைக் கவுண்டரில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன்.

கேப்டன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க இப்படிப் பாக்கறீங்க? மலையோட பொண்டாட்டிதாங்க. புருஷன் வாசல்ல, அவ உள்ள. மலைக்காக இவ்வளவு கேக்கறீங்களே, உங்கள அனுப்பினதே அவதான்னு நெனச்சேன். இதச் சொல்லலியா?"

●

மோட்டார் படகு எஞ்சின்களை ரிப்பேர் செய்கிற பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. இரும்புப் படி. மணி ஒன்றரை. கதவிடுக்கில் வெளிச்சம் இருந்தது.

அவள் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு பெரிய வெள்ளைச் சட்டை, கூடாரம் மாதிரி. மலையுடையது. காலையில் கோர்ட்டுக்குப் போட. பாயில் குழந்தை ஒரு காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு தூங்கியது.

"வாங்கக்கா! வாங்கண்ணா! ஏதாச்சும் தெரிஞ்சுதா? கேப்டன்தான?"

அக்கா போனில் போட்டோவைத் திறந்து சட்டையின் மேல் வைத்தாள். ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

அவள் பார்த்தாள். பதினாறு, பதினாறு, பதினாறு என்று உதடு அசைந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றது. எங்களுக்கு ஒரு ராத்திரி நடந்து புரிந்தது, அவளுக்கு ஒரு மூச்சில் புரிந்தது. ராத்திரி கடையில் வேலை பார்க்கிறவள் அல்லவா.

"திருகினப்புறம் குத்திட்டேன்," என்றாள் மெதுவாக.

"எத்தன மணிக்குப் பாத்த?"

"நாலு. கடைசி வாளிய ஊத்தப் போனேன். சங்கிலி தொங்கிட்டு இருந்துச்சு. கரையில பை கெடந்துச்சு. எட்டிப் பாத்தேன்." அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பன்னண்டு மணி வாக்குல ஒரு வாளி ஊத்தினப்ப நான்தான் மாட்டல. புள்ள கத்துச்சுன்னு ஓடிட்டேன். பையில அட்டை இருந்துச்சு. அவ ஏறினதா இருந்தா சங்கிலிய யாரும் கேக்க மாட்டாங்கல்ல? உள்ள போய் ஸ்டாம்பக் குத்தி, பையப் புதுப் பலகைகிட்ட வெச்சேன். சங்கிலியையும் மாட்டினேன். அவர மாட்டிவிடணும்னு இல்லக்கா, சத்தியமா. அவரு 'ஏறவே இல்ல'ன்னு அவ்ளோ உறுதியா சொல்லுவாருன்னு நான் நெனைக்கல."

"நிஜத்தச் சொன்னாரு," என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

"நிஜத்தச் சொல்லித்தான் என்னத்தக் கண்டாரு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவ விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

அறையில் அயர்ன் பெட்டி டிக் டிக்கென்றது.

"கேட்டுச்சு," என்றாள். "குடிகாரன் எவனோ நாற்காலியத் தண்ணியில தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். அதுக்கு முன்ன ரெண்டு நாற்காலி போச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன?"

"நாற்காலி கத்தாது."

அவள் குழந்தையைப் பார்த்தாள். "ஒரு தடவ கத்தினா. ரெண்டாவது தடவ சின்னதா. பாட்டுச் சத்தம் வேற. புள்ள பெட்டிக்குள்ள அழுதுச்சு. நான் சாமான் ரூமுக்குப் போயிட்டேன்." நிமிர்ந்தாள். "எல்லாருந்தான் கேட்டிருப்பாங்க. அறுபது பேரு இருந்தாங்க. என்ன மட்டும் ஏன் கேக்கறீங்க?"



"காலைல பத்து மணிக்கு நீ கோர்ட்டுக்கு வந்து இதச் சொல்லு," என்றாள் அக்கா. "சங்கிலி மாட்டாதது அஜாக்கிரத. ஸ்டாம்ப் குத்தினது குத்தம். ரெண்டும் சேந்தாலும் கொலை இல்ல. நல்ல வக்கீல் இருக்காரு. உன் புருஷன் சாயங்காலமே வெளிய வந்துடுவாரு, புள்ளையப் பாத்துப்பாரு."

"நான் உள்ள போயிட்டா புள்ளைக்குப் பாலு?"

"அதுக்கு வழி பண்ணலாம்."

"யாரு பண்ணுவா? நீங்களா? அண்ணாவா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இப்போது நான் நினைக்கிற அந்த விஷயத்தை அக்கா அப்போதுதான் சொன்னாள். "உன் புருஷன் இந்தப் போட்டோவ ராத்திரி எட்டு மணிக்குப் பாத்துட்டாரு. தேதியப் பாத்ததும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, இது யாரு கைன்னு. உடனே 'நான்தான் தள்ளினேன்'னு சொல்லிட்டாரு. காலைல ஒத்துக்கப் போறாரு. கொலைன்னு ஒத்துக்கப் போறாரு, புரியுதா? ஆயுசு முழுக்க உள்ள. உனக்காக."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். 'ஐயோ, வேணாம்' என்று கத்துவாள், செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடுவாள் என்று நினைத்தேன். நான் நிறைய நினைப்பேன்.

அவள் அயர்ன் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். மேசையிலிருந்த சட்டையை எடுத்தாள். இரண்டு கையையும் உள்ளே மடித்து, காலரைத் தட்டி, நான்காக மடித்தாள். அலமாரியைத் திறந்து அடித்தட்டில், கம்பளிக்குக் கீழே, வருஷக்கணக்காக எடுக்காத துணிகளோடு வைத்தாள்.

"அப்ப கேஸ் வேணாம்க்கா," என்றாள். "நான் குடுத்தேன், நானே திருப்பி எடுத்துக்கறேன். நீங்க கெளம்புங்க. புள்ள முழிச்சுக்கும்."

"அவரு ஆயுசு..."

"அவரே ஒத்துக்கிட்டாருல்ல?" அவள் குரலில் ஆத்திரம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் வழி சொல்கிற குரல். "நான் கேட்டேனா? அவரா ஒத்துக்கிட்டாரு. அவரு நல்லவருக்கா. நான் அப்பவே சொன்னேன்ல, எறும்பக்கூட மிதிக்க மாட்டாருன்னு."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு விளக்கு அணைந்தது.

●

இரும்புப் படிக்கட்டின் கடைசிப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தூரத்தில் மிதக்கும் பாரில் யாரோ சிரித்தார்கள்.

"வக்கீல் இன்னொண்ணும் சொன்னாரு," என்றாள் அக்கா. "பல் டாக்டரோட அப்பா காலைல கோர்ட்டுக்கு வர்றாராம். பொண்ணத் தள்ளினவன் முகத்த ஒரு தடவ பாக்கணுமாம்."

"அவரு மலையோட முகத்தப் பாத்துட்டுப் போயிடுவாரு."

"ம்."

"நம்ம அட்டையப் போலீஸ்ல குடுத்து, தேதிக் கணக்கச் சொல்லிட்டா?"

"மலை 'நான்தான் ஸ்டாம்பயும் குத்தினேன்'னு சொல்லுவான். நாம கேப்டனக் கூப்பிடணும், மொட்டைய, டிக்கெட் அம்மாவக் கூப்பிடணும், தேதிய நிரூபிக்கணும். நிரூபிச்சுடலாம். அவன் வெளிய வருவான். அவ உள்ள போவா. அவன் ஜென்மத்துக்கும் நம்ம ரெண்டு பேரையும் மன்னிக்க மாட்டான்."

"குடுக்கலன்னா?"

அக்கா செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். ஒன்பது கடை நடந்த கால். "குடுக்கலன்னா எல்லாரும் அவங்கவங்க கேட்டத வாங்கிட்டுப் போவாங்க. செத்தவளத் தவிர." பிறகு என் பக்கம் திரும்பினாள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, கிண்டல் இல்லாமல் என்னிடம் கேட்டாள். "நீ சொல்லு ரேடியோ. என்ன பண்ணலாம்?"

மேலே, சாத்திய கதவுக்குப் பின்னால், குழந்தை ஒரு தடவை சிணுங்கியது. உடனே தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. தப், தப், தப். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பொறுமையாக.

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. கோர்ட்டுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது. ஒன்பது கட்டத்திலும் இருபத்திரண்டு குத்திய எங்கள் அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. இவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்தீர்களே, நீங்கள் சொல்லுங்கள்: நான் அதை யாரிடம் கொடுக்கட்டும்?